தரையில் இருபது கிலோ

நங்கூரம் என்றால் படத்தில் பார்த்த கொக்கி இரும்புதான் எனக்கு நினைவுக்கு வரும். மணப்பாட்டில் எனக்குப் பழக்கமான மீனவர் ஒருவர், மகனுடைய சிறு வள்ளத்துக்கு வேறு மாதிரி நங்கூரம் செய்துகொண்டிருந்தார். பழைய எண்ணெய் டின்னில் பாதிவரை சிமெண்டும் மணலும் ஜல்லியும் குழைத்துக் கொட்டி, கயிறு கட்ட வளைத்த கம்பியை நடுவில் செருகினார்.

“20 கிலோ இருக்குமா?” என்றேன்.

“கரையிலே இருக்கும், ஐயா. தண்ணிக்குள்ளே 12 கூடத் தேறாது.”

வாஸ்தவந்தான். கட்டி விலக்கும் நீரின் எடையைக் கடல் கழித்துக்கொள்கிறது. இரும்பானால் 17 கிலோ நிற்கும். ஆனால் இரும்பு விலைக்கு எங்கே போவது?

சற்று யோசித்தவர், இன்னும் இரண்டு சட்டி அள்ளிக் கொட்டினார்.

“இழுக்கிறப்போ என்னைத் திட்டுவான். திட்டட்டும், ஐயா. ராத்திரி இங்கே நான் தூங்கணுமே!”