169.254

கெமரன் மலை, தானா ராத்தா. விடுதி நிறைய விடுமுறைக் கூட்டம். வைஃபை கோடுகள் முழுசாக இருந்தன. இணையம் மட்டும் இல்லை. எட்டு மணிக்கு வீடியோ கால் எடுப்பதாக சுங்கை சிப்புட்டில் இருக்கும் அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

மடிக்கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியது. ரவுட்டர் முகவரி தரவில்லை என்று அர்த்தம். கேட்டுக் கேட்டுப் பதில் வராவிட்டால் கணினி தனக்குத் தானே ஒரு முகவரி வைத்துக்கொள்ளும். அதைக் கொண்டு இணையத்துக்குப் போக முடியாது. சாதாரண ரவுட்டரில் இருப்பதே சுமார் 250 முகவரிகள். காலையில் அறையைக் காலி செய்து போனவர்களின் கைப்பேசிகளுக்குக் கொடுத்தவையும் பெரும்பாலும் ஒரு நாள் வரைக்கும் திரும்பி வராது.

வரவேற்பறைப் பையனிடம் சொல்லி ரவுட்டரை அணைத்துப் போட வைத்தேன். 192.168 வந்தது. மணி ஒன்பதே முக்கால்.

அம்மாதான் எடுத்தார். "அவனுக்கு வேல இருக்கும்னு சொல்லிட்டு அப்பா அப்பவே படுத்துட்டாருய்யா."

பதில் வராதபோது அப்பாவும் தானே ஒன்றை வைத்துக்கொள்கிறார். எத்தனை வருஷமாகவோ.

இத்தனைக்கும் என் கைப்பேசியில் சிக்னல் இருந்தது. சும்மா ஒரு போன் அடிச்சிருக்கலாம்.