மூத்தம்மாவின் கணக்கேடு

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே ஏறத்தாழ நான்கு மைல் சென்றால் காத்தான்குடி வரும். கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையே ஒடுங்கிய நிலம். இலங்கையில் மக்கள் மிக நெருங்கி வாழும் ஊர்களுள் அதுவும் ஒன்று. அந்நெருக்கத்திற்குக் காரணங்கள் பல உண்டு. பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் அவற்றுள் ஒன்று. ஒரு தாய்க்குப் பெண்கள் மூவரெனின் வளவு மூன்றாகும். பேத்திகள் காலத்தில் அது பத்தாகும்.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே குடி என்பது தாய்வழியாக வருவது. மணமான ஆண் மனைவியின் வீட்டிற்குக் குடிபுகுவான். ஆகவே வாப்பாவின் தாயாரை நாம் பெருநாளில் சென்று கண்டு ஸலாம் சொல்லி மீள்வோம். உம்மாவின் தாயாராகிய மூத்தம்மாவின் மடியிலோ உண்டு, உறங்கி, அடியும் வாங்கி வளர்ந்தோம். அவர்களைப் பற்றியே ஈண்டு எழுதுகிறோம்.

மூன்று பெண்களும் இரண்டு ஆண்களுமாக ஐந்து மக்களை வைத்துக்கொண்டு இளவயதிலேயே கைம்பெண் ஆனவர்கள் மூத்தம்மா. அந்நாளில் காத்தான்குடியில் கைத்தறி நெசவு செழித்திருந்தது. சாறனும் சேலையும் நெய்வோருக்கு நூல் சுற்றிக் கொடுப்பது வீட்டிலிருக்கும் பெண்களின் தொழில். வைகறைத் தொழுகை முடிந்ததும் ராட்டினத்தின் ஓசை எழும். பின்னேரம் நெல் குற்றுவார்கள். இவ்விரண்டு தொழில்களிலும் கிடைத்த சில்லறையிலிருந்துதான் மூன்று வீடுகள் எழுந்தன என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நம்பாமலிருப்பதில் வியப்பும் இல்லை.

மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த கல்வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு பின்வளவில் ஓலைக் குடிசை கட்டிக் குடியேறினார்கள். குடிசை சில ஆண்டுகளில் கல்வீடாயிற்று. அது இரண்டாம் மகளுக்குப் போயிற்று. மீண்டும் குடிசை. 1978 நவம்பர் 23ஆந் தேதி இரவு வீசிய சூறாவளி மூன்று கூரைகளையும் கொண்டுபோயிற்று. தென்னைகள் விழுந்து கிடந்த வளவில் மூத்தம்மா ஓடுகளைப் பொறுக்கி, முழுமையானவை ஒரு பக்கம், உடைந்தவை ஒரு பக்கம் என அடுக்கினார்களாம். காதில் எஞ்சியிருந்த அல்லுக்குத்தும் அவ்வாண்டில் விற்கப்பட்டது. கடைசி மகளாகிய எம் உம்மாவுக்கு வீடு முடிந்தபோது அவர்களுக்கென மிஞ்சியது குசினியை ஒட்டிய சிற்றறை ஒன்றே.

சீதனம் என்னும் சொல்லை இன்று பலர் வெறுக்கின்றனர். வெறுப்பதில் நியாயமுண்டு. மணமகனே மஹர் கொடுக்க வேண்டும் என்பது மார்க்கம். அவ்வாறிருக்க, கைக்கூலி கேட்டு ஏழைத் தாய்மாரின் எலும்பை உருக்கும் வழக்கத்தை எவ்வாறு மெச்சுவது? எனினும் வீடு பெண்ணின் பெயரில் இருந்ததனால், கணவன் கைவிட்ட காலத்தும் எம் பெரியம்மாவைத் தெருவில் நிறுத்த எவராலும் இயலவில்லை. இவ்விரண்டையும் கண்ட எமக்கு ஒரு பக்கம் மாத்திரம் நின்று பேச நா எழுவதில்லை.

வீட்டு உறுதிகள் மூன்றிலும் மூத்தம்மாவின் பெருவிரல் அடையாளமே உண்டு. எழுத்தறியாதவர் என்று நொத்தாரிசு எழுதியிருக்கிறார். அது முழு உண்மையன்று. தமிழ் எழுத்தை அவர்கள் கற்கவில்லை. அரபுத்தமிழ் நன்கு அறிவார்கள். தமிழ் மொழியை அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்குச் சில எழுத்துகளைப் புள்ளியிட்டு அமைத்துக்கொண்டு, வலமிருந்து இடமாக எழுதும் முறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அம்முறையில் நூல்கள் இயற்றினர். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் ஓதற்பள்ளியில் கற்ற அரபு எழுத்தைக் கொண்டே தமிழையும் படித்தனர். குப்பி விளக்கின் அருகே மூத்தம்மா இராகமிட்டுப் படிப்பதை நாம் கேட்டதுண்டு. நாம் அதனைக் கற்றுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் எவரும் அதனை எழுத்தென்று மதிக்கவும் இல்லை.

1990 ஆகஸ்ட் 3ஆந் தேதி இரவு காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர். எம் இளைய மாமாவும் ஒருவர். மனைவியின் வீட்டிற்குச் சென்று குடியிருந்த மகன். ஆயினும் நாள்தோறும் தொழுகைக்குப் போகும் வழியில் தாயிடம் வந்து ஒரு வெற்றிலை வாங்கிப் போவார். அன்றும் வாங்கிப் போனார். மூத்தம்மா உரத்து அழுததை நாம் காணவில்லை. மறுவாரமே ராட்டினத்தின் ஓசை மீண்டும் எழுந்தது. அயலவர் சிலர் அதனைக் கல்நெஞ்சம் என்றனர். அப்போது எமக்கும் மறுமொழி தெரியவில்லை.

சுனாமி வந்த 2004க்கு முந்திய ஆண்டில் மூத்தம்மா காலமானார்கள். சிற்றறையின் பெட்டகத்தில் இரண்டு சேலைகளும், தஸ்பீஹ் மணியும், பழைய கொப்பி ஒன்றும் இருந்தன. கொப்பி முழுவதும் அரபு எழுத்து. பேரப்பிள்ளைகளுள் பட்டம் பெற்றவர்கள் இருந்தும் ஒரு வரி படிக்க ஆளில்லை. ஊரிலுள்ள முதிய ஆலிம் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெல்லப் படித்தார். நூற்கூலி இவ்வளவு, ஓட்டுக்கு இவ்வளவு, தச்சனுக்கு மீதி இவ்வளவு என்று நெடுக வந்தது.

1990க்குப் பின்வந்த பக்கங்களில் வேறு கணக்கு. மாமா நூல் வியாபாரத்தில் நால்வரிடம் கடன்பட்டிருந்தாராம். இறந்தவரின் கடன் தீராமல் நிற்கலாகாது என்பது மார்க்கம். வாரந்தோறும் ஐம்பதும் நூறுமாக மூத்தம்மா அதனை அடைத்து வந்திருக்கிறார்கள். நால்வருள் ஒருவர் அயலூராகிய ஆரையம்பதியைச் சேர்ந்த தமிழர். அந்நாளில் இரு ஊராரும் ஒருவர் எல்லைக்குள் மற்றவர் கால்வைக்க அஞ்சினர். அவருக்குரிய பணம் மட்டும் பத்து மாதம் ஒரு துணியில் முடியப்பட்டுக் கிடந்திருக்கிறது. பின்னர் வாவியில் மீன் பிடிக்கும் ஒருவர் கையில் கொடுத்தனுப்பியதாக ஒரு வரி. அதன் கீழே அவர் பணத்தைப் பெற்றுக்கொண்டதாகவும், ஒரு மரைக்கால் அரிசி திருப்பி அனுப்பியதாகவும் இன்னொரு வரி.

அரிசிக்கு என்ன கொடுத்தார்கள் என்று உம்மா கேட்டார். ஆலிம் தாளைப் புரட்டிப் பார்த்து, "தேங்காய் நாலு" என்றார்.