எழுந்து நிற்கையில்

சுபுஹுத் தொழுகையில் சஜ்தாவிலிருந்து நிலைக்கு எழும்போதெல்லாம் எமக்குத் தலை சுற்றும். முதலில் பித்தமென எண்ணி எலுமிச்சைச் சாறு பருகினோம். பின்பு இரத்தக் கொதிப்பு மிகுந்ததெனக் கருதி, மாத்திரையை யாமே கூட்டிக்கொண்டோம். ஒருநாள் தொழுகை வரிசையிலேயே சாய்ந்தோம்.

மருத்துவர் படுக்கவைத்து ஒருமுறையும், நிற்கவைத்து 3 நிமிடங்களுக்குள் மறுமுறையும் அளந்தார். 150ஆக இருந்த மேல் அழுத்தம் 118க்கு இறங்கியிருந்தது. 20 குறைந்தாலே கவனிக்கத்தக்கது என்றார். எழும்போது குருதி கால்களில் தேங்குகிறது. முதுமையில் நாளங்கள் விரைந்து சுருங்கி அதனை மேலேற்றுவதில்லை. மிகையான மாத்திரையோ அவற்றை மேலும் தளர்த்துகிறது. யாம் கொதிப்பெனக் கருதியது தாழ்வே! அவர் மருந்தளவைக் குறைத்தார். மெல்ல எழப் பணித்தார்.

இயலாதோர் அமர்ந்து தொழ மார்க்கம் இடமளிக்கிறது. அளந்து பாராமல் மருந்தைக் கூட்ட அறிவு இடமளிப்பதில்லை.