ஆறு போய்ச் சேரும் களப்பு

ஓமந்தைக்குக் கடல் இல்லை. கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் குளம், வயல், காடு எல்லாம் தாண்டித்தான் உப்புக்காற்றைக் காணலாம். 2002 போர்நிறுத்தத்தில் ஏ9 வீதி திறந்த காலத்தில் இங்கே பேருந்தை விட்டிறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நின்று, புளியங்குளம் பக்கம் போனவர்களுக்கு இந்த ஊர் ஒரு சோதனைச் சாவடியாகவே மனதில் நிற்கிறது. எனக்கு அது ஓர் ஆற்றின் தலைமாடு. பக்கத்துச் சேமமடுவில் பிறக்கும் கனகராயன் ஆறு வடக்கே நடந்து, இரணைமடுக் குளத்தில் தங்கி, மிஞ்சிய நீரைச் சுண்டிக்குளம் களப்பில் கொண்டுபோய் விடுகிறது. ஓமந்தைப் பக்கத்தில் மாரியில் பெய்த மழைக்கும், அந்தக் களப்பில் தை மாதத்தில் வந்து நிற்கும் பூநாரைக்கும் அப்படி ஒரு தொடுப்பு உண்டு. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் தை கடைசியில் ஒரு மத்தியானம் மச்சான் வீட்டிலிருந்து புறப்பட்டோம். மச்சானின் மகன் வானை ஓட்டினான்.

கனகராயன்குளம், மாங்குளம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, சுடச்சுடக் கச்சான் வாங்கிக்கொண்டோம். அந்தக் கோயிலில் நிறுத்தாமல் போகிற வாகனம் குறைவு. கிளிநொச்சி, பரந்தன் கடந்து ஆனையிறவுக்கு வந்ததும் காடு சட்டென்று விலகி இரண்டு பக்கமும் தண்ணீர். வீதியும் தண்டவாளமும் பக்கம் பக்கமாகப் போகும் அந்தக் குறுகிய அணைக்காகத்தான் 1991 இலும் 2000 இலும் 2009 இலும் போரில் அத்தனை உயிர் போனது. அணைக்கு மேற்கே யாழ்ப்பாணக் கடனீரேரி. கிழக்கே நீளும் நீர்தான் சுண்டிக்குளம் வரை போகிறது.

இயக்கச்சியில் திரும்பி, கட்டைக்காடு வழியாக மணல் வீதியில் தெற்கே இறங்கினோம். இடது கையில் கடல், வலது கையில் களப்பு, நடுவே பனையும் பற்றையும் நிற்கும் ஒரு மணல் திட்டு. 2004 ஆழிப்பேரலை ஏறி அடித்த கரை இது. பிறகு போரின் கடைசி மாதங்களில் சனம் விட்டுப்போன கரை. 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளம், 2015 இல் தேசியப் பூங்காவானது. நாங்கள் போனபோது வேறு பார்வையாளர் ஒருவரும் இல்லை.

தூரத்தில் களப்பின் நடுவே வெளிறிய ஒரு கோடு தெரிந்தது. நுரை என்று சொன்னான் மருமகன். தொலைநோக்கியை அவன் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "மாமா, எல்லாத்துக்கும் கால் இருக்கு" என்றான். நூற்றுக்கணக்கில் பூநாரைகள். கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, மெல்ல முன்னே நடந்தபடி தின்றுகொண்டிருந்தன. நாக்கை இறைப்பான் போல ஓட்டிச் சேற்றுநீரை அலகுக்குள் இழுக்கின்றன. அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய தகடுகளில் கூனி, புழு, விதை எல்லாம் தங்கிவிட, நீர் வெளியே போய்விடுகிறது. இறகின் ரோசாநிறமும் அந்தத் தீனியிலிருந்துதான் வருகிறது. கூட்டத்தில் சாம்பலும் பழுப்புமாகச் சில நின்றன. அவை குஞ்சுப்பருவம் கடந்த இளசுகள். முழு நிறம் ஏறச் சில வருடம் செல்லும். பூநாரை இலங்கையில் குஞ்சு பொரிப்பதில்லை. நம் பக்கத்து நாட்டில் அதன் பெரிய கூட்டுநிலம் குஜராத்தின் கட்ச் ரண். மழைநீர் தேங்கிய அந்த உப்புவெளியில் சேற்றைக் குவித்து மேடுமேடாகக் கூடு கட்டும். 1945 இல் சாலிம் அலி அங்கே போய்ப் பார்த்து, இலட்சக்கணக்கில் இருப்பதாக எழுதினார்.

பூநாரையைப் பார்த்த கண் மற்றதைப் பார்க்க மறுக்கும். அன்று என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது கரையோரம்தான். களப்பின் ஆழத்தைப் பறவைகளின் காலை வைத்தே சொல்லிவிடலாம். முழங்கால் ஆழத்தில் பூநாரை. அதற்கு இப்பால் கருவால் மூக்கன், நீண்ட அலகைச் சேற்றில் அடிவரை குத்திக் குத்தி. இன்னும் இப்பால் சிவந்த காலோடு பவளக்கால் உள்ளான். ஈரம் மட்டும் மினுங்கும் விளிம்பில் கொசு உள்ளான்கள், ஓடி ஓடிக் கொத்தின. கொசு உள்ளானின் எடை இருபது முப்பது கிராம். அது முட்டையிடுவது ஆர்க்டிக் கரையில், மரமே முளைக்காத நிலத்தில். வடக்கே பனி இறங்க முன்னம் கிளம்பி, ஆசியாவின் குறுக்கே பறந்து, நிலம் முடிகிற இந்த இலங்கைத் தீவில் வந்து இறங்குகிறது. 2021 இல் மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்காகம் ஒன்றின் முதுகில் சிறு கருவியைப் பொருத்தி விட்டார்கள். அது ரஷ்யாவின் யமால் தீபகற்பம் வரை போனதைத் திரையில் பார்த்தார்கள். கடற்காகம் பெரிய பறவை. இந்தக் கொசு உள்ளானை உள்ளங்கையில் பொத்திவிடலாம்.

இவ்வளவுக்கும் அடிப்படை தண்ணீரின் ஏற்ற இறக்கம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை ஆறுகள் கொண்டுவரும் வெள்ளத்தில் களப்பு நிரம்பி நன்னீர்ப் பக்கம் சாயும். தையில் வடியத் தொடங்கும். வெயிலும் வாடைக்காற்றும் குடிக்க, உப்பு ஏறி, சேறு வெளியே வரும். ஒவ்வொரு காலுக்கும் ஏற்ற ஆழம் அப்போதுதான் கிடைக்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தது போன்ற வருடங்களில் சேறு வெளியே வரப் பிந்தும்.

இந்தத் தண்ணீரை உப்பாக விடாமல் மறித்து வைக்கலாம் என்று ஒரு திட்டமும் இருந்தது. பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஆறு'. ஆனையிறவையும் சுண்டிக்குளம் வாயையும் அடைத்து, களப்பை நன்னீர் ஏரியாக்கி, முல்லியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் களப்புக்கு நீர் கொண்டுபோவது. வேலை பாதிக்கு மேல் நடந்தது. சுண்டிக்குளத்து அணையை வெள்ளம் உடைத்தது, வாய்க்கால் முடியவில்லை. கிணறு உவர்த்துப்போன ஊர்களைத் தெரிந்தவன் நான். வலிகாமத்தில் கோடையில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்குச் சனம் படும் பாட்டையும் கண்டிருக்கிறேன். அந்தக் கனவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அன்று சேற்றோரத்தில் நின்றபோது, அந்த அணை நிலைத்திருந்தால் இந்த விளிம்பு இருந்திராது என்பதும் தெளிவாகத் தெரிந்தது. கொசு உள்ளானுக்கு ஆழத் தண்ணீரில் ஒரு வேலையும் இல்லை. இரண்டு தேவையும் உண்மை. யாழ்ப்பாணத்து நீரைப் பற்றிய பேச்சு மறுபடி மறுபடி எழும் காலத்தில் களப்பின் பக்கத்துக் கணக்கையும் மேசையில் வைத்துத்தான் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

வெயில் களப்பின் பக்கம் சாய்ந்தது. இறால் வலையைத் தோளில் போட்டபடி ஒரு ஐயா வந்து நின்றார்.

"எவடத்தால வாறியள் தம்பி?"

"ஓமந்தையால ஐயா. உதைப் பாக்கத்தான்."

"இந்த முறை மழை கூட. தண்ணி வத்தேல்லை, அதுதான் உள்ளுக்கு நிக்குதுகள். போன வரியம் இஞ்ச, இந்தப் பற்றையடி மட்டும் வந்ததுகள்."

சண்டை நேரத்திலும் வந்தனவா என்று கேட்டேன். "நாங்கள் இருந்தால்தானே தம்பி பாக்க. திரும்பி வந்து வாடி போட்ட முதல் மாரிக்கு நிண்டதுகள்" என்றார்.

அப்போது நடுக் களப்பில் ஏதோ அசைந்தது. கடற்கழுகாக இருக்கலாம். பூநாரைக் கூட்டம் முழுவதும் தலையைத் தூக்கி, நீரில் ஓடி, எழுந்தது. வெள்ளையாக நின்ற அத்தனையும் சிறகு விரிந்ததும் குங்குமச் சிவப்பு, அதன் ஓரம் கரும் கறுப்பு. வாத்துக் கத்துவது போன்ற சத்தம் நீரைத் தாண்டி எங்களிடம் வந்தது. மருமகன் கையிலிருந்த கமராவைத் தூக்கவே இல்லை. நீண்ட கழுத்து முன்னும் நீண்ட கால் பின்னும் ஒரே கோடாகி, கூட்டம் வளைந்து திரும்பி, இன்னும் தெற்கே, ஆறு விழும் பக்கமாகப் போய் இறங்கியது.

"எப்ப மட்டும் ஐயா நிக்கும்?"

"பங்குனி வெய்யில் ஏற, தண்ணி வத்த, கரைக்கு வரும். பேந்து எழும்பிடும்." கையை வடக்கே கடலின் பக்கம் நீட்டினார். அந்தத் திசையில் பாக்குநீரிணைக்கு அப்பால் கோடிக்கரை. அங்கும் சதுப்பு, அங்கும் பூநாரை. பருத்தித்துறையிலிருந்து அதற்கு எழுபது கிலோமீற்றர்கூட இல்லை.

பங்குனி முதற்கிழமை வருகிறேன் என்று ஐயாவிடம் சொன்னேன். "வரேக்க விடியவா வாங்கோ" என்றார். "பொழுதுபட நல்லாத்தான் இருக்கும். ஆனா விடியக் காலமைதான் அதுகள் கரையடியில மேயும்."