மாமாவின் காருக்கு ஒரு விளம்பரம்

எங்கள் வீட்டில் பாங்க் ஃபார்ம் நிரப்பணும், கஸ்டமர் கேரில் சண்டை போடணும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எல்.கே.ஜி. முதல் இங்கிலீஷ் மீடியத்துக்கு அப்பா கட்டிய ஃபீஸ் இப்படித்தான் வசூலாகிறது. போன மாதம் வந்த வேலை மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. ஒரு காரை விற்க இங்கிலீஷில் விளம்பரம் எழுதணும்.

கார் மாமாவுடையது. அம்மாவின் தம்பி. மூக்கண்டப்பள்ளியில் ரெண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறார். நம்ம சிப்காட்டைச் சுற்றி இந்த மாதிரி ஷெட் எத்தனை இருக்குன்னு காலேஜ் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்கும் யாருக்கும் தெரியும். பதினாலு வருஷம் முன்னாடி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு பழைய பண்ணை வீட்டில் கோழி முட்டை வைத்துக்கொண்டிருந்த காரை இரும்பு விலைக்கு வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அத்தை ரெண்டு நாள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வேலை பார்த்து, நான் எட்டாவது படிக்கும்போது ஓட வைத்துவிட்டார். ரெண்டே கதவு, சிவப்பு கலர். கூரையின் ஓரமெல்லாம் துரு தின்றிருந்ததால் அதைக் கழற்றிவிட்டு, திறந்த காராகவே வைத்துக்கொண்டார். சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு அதுதான் ஸ்போர்ட்ஸ் கார். பாகலூர் ரோட்டில் ராத்திரி அதில் ஒரு ரவுண்டு போனால் மறுநாள் ஸ்கூலில் அதைப் பற்றிப் பேசியே ரெண்டு பீரியடு ஓடும்.

இப்போ விற்க வேண்டிய நிலைமை. மாமா பொண்ணுக்கு காலேஜ் சீட் கிடைத்துவிட்டது, முதல் வருஷ ஃபீஸ் கட்டணும். அதைவிடப் பெரிய கவலை ஷெட். மாமா கடைந்து கொடுக்கும் புஷ், பின் எல்லாம் பெட்ரோல் இன்ஜின் சமாச்சாரம். ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, டி.வி.எஸ்.ஸிலேயே ஐக்யூப். நம்ம மாவட்டமே கரண்ட் வண்டிக்கு மாறுகிறது. அந்த வண்டிக்கு வால்வும் வேண்டாம், பிஸ்டன் பின்னும் வேண்டாம். புது வேலை பிடிக்க செகண்ட் ஹேண்டில் ஒரு வி.எம்.சி. மெஷினாவது வாங்கியாகணும்.

பெங்களூரிலிருந்து ஒரு புரோக்கர் வந்தார். காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தம்பி, பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டிபிள், ட்ரையம்ஃப், ஸ்பிட்ஃபயர் சேஸின்னு எழுதுங்க. ஒன்பது லட்சம் வரைக்கும் பேசலாம். ஸ்டாண்டர்டுன்னு போட்டீங்கன்னா மூணு தாண்டாது." பையில் ட்ரையம்ஃப் என்று எழுதிய பளபள பேட்ஜ்கூட ரெடியாக வைத்திருந்தார்.

ஒரே கார்தான். பெயரை மாற்றினால் ஆறு லட்சம் வித்தியாசம். மூணு வருஷம் மெக்கானிக்கல் படித்தவனுக்கு இது உறுத்தாதா? உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

மாமாவின் கார் 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி, மெட்ராஸுக்கு வெளியே வண்டலூர் பக்கம் 1961 முதல் தயாரித்தது. மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டு, 1959ல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் அதன் சேஸி. அந்தச் சமயத்தில் மற்ற கம்பெனிகள் பாடியையும் சேஸியையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்யத் தொடங்கிவிட்டன. ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃபுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953ல் போட்டிக் கம்பெனி பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடி அடித்துத் தர ஆளில்லை. அதனால் பழைய முறைக்கே திரும்பி தனிச் சேஸி போட்டு, பாடியைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் செய்து போல்ட் போட்டு இணைத்தார்கள். வேறு வழியில்லாமல் செய்ததில் ஒரு லாபமும் இருந்தது. கூரையும் போல்ட்டில்தான் நிற்கும் என்பதால் அதே அடித்தளத்தில் சலூன், கூபே, திறந்த கார் என்று எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அந்தச் சேஸியைக் குட்டையாக்கி எடுத்ததுதான் 1962ல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். மூணு லட்சத்துக்கும் மேல் விற்ற அசல் ஸ்போர்ட்ஸ் கார். ஆக, புரோக்கர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, தலைகீழ். ஹெரால்டு சேஸியில் ஸ்பிட்ஃபயர் பிறந்ததே தவிர, ஸ்பிட்ஃபயர் சேஸியில் ஹெரால்டு ஓடவில்லை. தாத்தாவைப் பார்த்து பேரன் ஜாடைன்னு சொன்ன கதைதான்.

இந்தக் கதையில் நம்ம ஊரும் ஒரு ஓரமாக வருகிறது. 1961ல் ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃபை வாங்கியது லேலண்ட் மோட்டார்ஸ். நம்ம அசோக் லேலண்டின் பெயரில் இருக்கும் அதே லேலண்ட். ஸ்பிட்ஃபயர் உற்பத்தி 1980ல் நின்றது. ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை வந்ததும் அதே 1980. ரெண்டுக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் அந்த வருஷத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் பண்ணாமல் உட்கார்ந்திருந்தேன். 2020 ஏப்ரலில் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் பைக் கம்பெனியை 1.6 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது டி.வி.எஸ். அதன் தொழிற்சாலை இருக்கும் ஊரில் ஒரு மெட்ராஸ் கார், பிரிட்டிஷ் என்று வேஷம் போட்டால்தான் விலை போகும் என்கிறார் ஒருவர்!

மெட்ராஸ்காரர்கள் சும்மா பெட்டியைப் பிரித்து மாட்டியவர்களும் இல்லை. பின்னாளில் அவர்கள் நாலு கதவு வைத்த ஹெரால்டு எடுத்தார்கள். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு எப்போதுமே ரெண்டு கதவுதான்.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் டேப்பை எடுத்தார். "அந்தப் பக்கம் பிடி." முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரைக்கும் 91.5 இன்ச். ஹெரால்டு அளவு. ஸ்பிட்ஃபயர் என்றால் 83தான் இருக்கணும். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் 948 சி.சி. இன்ஜின், ஒரே கார்புரேட்டர். ஸ்பிட்ஃபயருக்கு 1147 சி.சி., கார்புரேட்டர் ரெண்டு.

"டிராயிங்ல ஒரு அளவு, பார்ட்ல ஒரு அளவு இருந்தா கம்பெனிக்காரன் என்னடா பண்ணுவான்?"

"ரிஜெக்ட் பண்ணுவாங்க மாமா."

"பத்து மைக்ரானுக்கே திருப்பி அனுப்புறான். இது எட்டரை இன்ச்சு."

அத்தை விடவில்லை. "வாங்குறவன் டேப்பு வெச்சுக்கிட்டா வரப்போறான்? பொண்ணு ஃபீஸுக்கு அந்த எட்டரை இன்ச்சையா கொண்டுபோய்க் கட்டுவீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். மாமா எதுவும் பேசாமல் லேத்தை ஆன் பண்ணினார். வீட்டில் பதில் இல்லாதபோது அவர் செய்வது அது.

அன்று ராத்திரி இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டியிருக்கணும். நம்பரில் மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. என்று வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று எடுக்கலாம். ஆனால் முக்கியமான நிபந்தனை வண்டி அசல் வடிவத்தில் இருக்கணும் என்பது. சேஸியிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது. மாமாவின் ஆர்.சி.யில் சலூன் என்று இருக்கிறது. கூரை இல்லாமல் நிற்கிற இந்தக் காருக்கு ஆர்.டி.ஓ. என்ன சொல்வார்? ட்ரையம்ஃப் பேட்ஜ் ஒட்டி விற்றால் வாங்கியவர் அந்த ஆர்.சி.யோடுதான் பதிவுக்குப் போகணும். அங்கே டேப் தேவைப்படாது.

கூரை எங்கே என்று கேட்டேன். மாமா மேலே கை காட்டினார். ஷெட்டின் பின்பக்கம் கம்ப்ரசருக்கு வெயில் படாமல் இருக்க இத்தனை வருஷமும் நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது ஹெரால்டின் கூரை! வெட்டி எடுத்தது இல்லை, போல்ட்டைக் கழற்றி எடுத்தது. அந்தப் போல்ட்டுகளையும் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிரீஸ் தடவிப் போட்டு வைத்திருந்தார்.

விளம்பரத்தை இப்படி எழுதினேன்: 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மெட்ராஸ் தயாரிப்பு, ரெண்டு கதவு. பழைய எம்.எஸ். நம்பர், ஆர்.சி. சரியாக இருக்கிறது. இப்போது கூரை இல்லாமல் ஓடுகிறது. அசல் கூரையும் போல்ட்டுகளும் வண்டியோடு தரப்படும். விலை நாலரை லட்சம். புரோக்கருக்கு அனுப்பினேன். ஒரு தம்ஸ் அப் வந்தது, அப்புறம் ஆளைக் காணோம்.

முதல் வாரம் மூணு போன். ஒருவர் ட்ரையம்ஃபா என்று கேட்டார், இல்லை என்றதும் கட் பண்ணினார். ஒருவர் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குக் கேட்டார். மூணாவது ஆள் கோயம்புத்தூர். முதல் கேள்வியே "கூரைல பின் கண்ணாடி உடையாம இருக்குங்களா?" மூணே முக்காலுக்குக் கேட்கிறார். மாமா நாலு சொல்லியிருக்கிறார். நாலுக்கே முடிந்தாலும் ஃபீஸ் போக மிச்சம் வி.எம்.சி.க்கு அட்வான்ஸ் கொடுக்கத்தான் காணும், பாக்கிக்கு லோன். அத்தைக்கு இன்னும் வருத்தம்தான்.

அவர் வரும் ஞாயிறு வருகிறார். கம்ப்ரசர் மேல் இப்போ தார்ப்பாய் கட்டியாச்சு. கூரையை ஸ்டாண்டில் வைத்துத் துரு எடுத்துக்கொண்டிருக்கிறோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் எமரி பேப்பர் வாங்கிட்டு வா என்று மாமா சொல்லியிருக்கிறார், 120ல் நாலு, 400ல் நாலு.