35 மில்லிமீட்டர் கணக்கு

கார் வாங்கின உடனே அதை இறக்கணும்னு துடிக்கிற ஒரு கூட்டம் உண்டு. எங்க அண்ணன் அந்தக் கூட்டத்து ஆள். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி தெரிஞ்சா அவனுக்குத் தூக்கம் வராது. வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கின போலோ ஜிடி. டர்போ பெட்ரோல், 105 குதிரைத்திறன். இன்ஜின்ல குறையே இல்ல, குறையெல்லாம் உயரத்துலதான்.

"35 எம்எம் லோயரிங் ஸ்பிரிங் பார்த்து வெச்சிருக்கேன்டா. நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, எது நல்லதுன்னு சொல்லு"ன்னு தீபாவளி லீவுல கேட்டான். ஸ்பிரிங் மட்டும் புதுசு, ஷாக் பழசே இருக்கட்டும்ங்கிறது அவன் பட்ஜெட். வண்டி அப்போ 72,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

ஒரு பிராண்ட் பேரைச் சொல்லிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனா அந்த வண்டியிலதான் அப்பா மூணு மாசத்துக்கு ஒரு தடவை புதுச்சேரிக்கு டாக்டரைப் பார்க்கப் போறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டின முதுகு, ஆபரேஷன் ஆன முதுகு. செஞ்சி, திண்டிவனம் வழியா போக வர ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதனால டைனமிக்ஸ் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

முதல்ல அடிப்படை. நம்ம ஊர்த் தேருக்கு ஸ்பிரிங் கிடையாது. தீபத் திருவிழா 7-ம் நாள் மகா ரதம் மாட வீதியில ஆள் நடக்கிற வேகத்தைவிட மெதுவா வருது. வழியில ஒரு மேடு இருந்தா மொத்தத் தேரும் மெல்ல ஏறி இறங்கிடும். அதே மேட்டை 60 கிலோமீட்டர் வேகத்துல தாண்டணும்னா சக்கரம் மட்டும்தான் மேல போய் வரணும், உள்ள இருக்கிற ஆள் ஆடக் கூடாது. இந்த வேலையை ரெண்டு பேர் பிரிச்சுக்கிறாங்க. அடியை வாங்கி வெச்சுக்கிறது ஸ்பிரிங். வாங்கினதை அது திருப்பிக் குடுக்கும்போது வண்டி குதியாட்டம் போடாம, எண்ணெயைச் சின்னத் துளை வழியா தள்ளி அந்த ஆட்டத்தைச் சூடாக்கித் தீர்க்கிறது ஷாக். 'ஷாக் அப்சார்பர்'னு பேர் வாங்கினது அது, ஆனா அடியை வாங்குறது ஸ்பிரிங். டேம்பர்னு சொல்றதுதான் சரி.

லோயரிங் ஸ்பிரிங் குட்டையா மட்டும் இருக்காது, கடினமாவும் இருக்கும். கணக்குக்கு 30 சதவீதம் கூடுதல் கடினம்னு வெச்சுக்கோங்க. ஆட்டத்தை அடக்கத் தேவையான டேம்பிங், ஸ்பிரிங் கடினத்தோட வர்க்கமூலத்துல ஏறும். 1.3-க்கு வர்க்கமூலம் 1.14. அதாவது ஷாக் 14 சதவீதம் கூடுதலா உழைக்கணும். புது ஷாக்னா ஓரளவு சமாளிக்கும். 72,000 ஓடின ஷாக்ல ஏற்கெனவே இருக்கிற பலமே போயிட்டு இருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல், இடம். வண்டி சும்மா நிக்கிற நிலையிலிருந்து சக்கரம் மேல ஏறி, பம்ப் ஸ்டாப் ரப்பர்ல முட்டுற வரைக்கும் 80 மி.மீ. இருக்குன்னு எடுத்துக்குவோம். 35 இறக்கினா மிச்சம் 45. ஸ்பிரிங் வாங்குற சக்தி, அது அமுங்குற தூரத்தோட வர்க்கத்துல போகும். அதே அடியை 45-க்குள்ள வாங்கணும்னா ஸ்பிரிங் 3 மடங்குக்கும் மேல கடினமா இருக்கணும். நாம போடப் போறது 1.3 மடங்கு. மீதி அடி ரப்பர்ல விழும். ரப்பர்லேர்ந்து பாடிக்கு, பாடியிலேர்ந்து அப்பா முதுகுக்கு.

பதிலுக்கு என்ன கிடைக்குது? எடைமையம் தரையிலேர்ந்து 550 மி.மீ. உயரத்துல இருந்தா, அது 515 ஆகும். வளைவுல உள்பக்கச் சக்கரத்திலேர்ந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறுற எடை 6 சதவீதம் குறையும். இதுலயும் ஒரு கொக்கி இருக்கு. முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டியை இறக்கினா, லோயர் ஆர்ம் சாய்வு மாறி, ரோல் சென்டர் எடைமையத்தைவிட வேகமா கீழ போயிடும். அதனால வண்டியைச் சாய்க்கிற நெம்புகோல் நீளமாகும். கூடுதல் கடினத்துல ஒரு பங்கு இதைச் சரிக்கட்டவே செலவாகிடும்.

வரவு 6 சதவீதம், செலவு 44 சதவீதம். இருங்காட்டுக்கோட்டை டிராக்லயோ, கோவை செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயிலயோ இந்த வியாபாரம் கட்டுப்படியாகும். அங்க ஸ்பீடு பிரேக்கர் கிடையாது.

நம்ம தெருவுல உண்டு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நானும் அண்ணனும் டேப்பை எடுத்துக்கிட்டுக் கிளம்பினோம். வண்டியோட அடிவயிறு தரையிலேர்ந்து ஆள் இல்லாம 160 மி.மீ. அஞ்சு பேர், பை எல்லாம் ஏறினா 130. இறக்கின பிறகு ஆள் ஏறினா சுமார் 100 மிஞ்சும்.

இந்திய சாலைக் காங்கிரஸ் வட்ட முதுகு ஸ்பீடு பிரேக்கருக்குச் சொல்லியிருக்கிற அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். போலோவோட வீல்பேஸ் சுமார் 2.47 மீட்டர். வண்டி மேட்டு நடுவுல நிக்கும்போது சக்கரமும் மேட்டு மேலயே இருக்கும். அதனால வயிற்றுக்கு நேரா மேடு 45 மி.மீ. மட்டும்தான் எழும்பும். மெதுவா போனா இறக்கின வண்டிகூடத் தாண்டிடும்.

ஆனா எங்க தெருவுல நாங்க அளந்தது 60 செ.மீ. அகலம், 13 செ.மீ. உயரம். முன்சக்கரம் தாண்டின பிறகும் பின்சக்கரம் ஏறலை. ரெண்டும் தரையில, நடுவுல முழுசா 130 மி.மீ. இப்பவே அஞ்சு பேரோட போனா தட்டுற அளவு. இறக்கினா தட்டும்ங்கிறதுல சந்தேகமே இல்ல. அண்ணன் டேப்பைச் சுருட்டிக்கிட்டே, "பௌர்ணமிக்குப் பௌர்ணமி சித்தி, பசங்க எல்லாம் வருவாங்க இல்ல"ன்னு தானா சொன்னான்.

அப்பவும் அவன் விடலை. ஒரு ஒர்க்‌ஷாப்ல கேட்டிருக்கான். "ஒரு சுத்து வெட்டிடலாம் தம்பி, 500 ரூபாய் குடு"ன்னாங்களாம். இது வேண்டவே வேண்டாம். 6 சுத்து ஸ்பிரிங்ல ஒண்ணை வெட்டினா 20 சதவீதம் கடினமாகும், அது சரி. ஆனா வெட்டின முனை ஸ்பிரிங் உட்கார்ற தட்டுல ஒழுங்கா பொருந்தாது. சக்கரம் பள்ளத்துல தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறிடலாம்.

இறக்கியே ஆகணும்னா ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியா வரணும். பில்ஸ்டீன்ல பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கின உயரத்துக்குக் குட்டையாக்கினது. பி8-ஐயும் ஐபாக் ஸ்பிரிங்கையும் சேர்த்து பி12-ன்னு ஒரே பெட்டியில குடுக்கிறாங்க. குட்டை ஷாக் எதுக்குன்னா, பழைய நீளத்து ஷாக் இறக்கின வண்டியில எப்பவும் அமுங்கின நிலையிலேயே வேலை செய்யும், அடி வாங்க அதுக்குள்ள இடம் இருக்காது. மாட்டின பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம், கேம்பரும் டோவும் மாறியிருக்கும்.

சட்டத்தையும் சொல்லிடறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில ஒரு கேரள வழக்குல உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சது. காசு கட்டுறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் கேட்டுடுங்க.

கடைசியா அண்ணன்கிட்ட, "உனக்கு உண்மையிலேயே எது பிடிக்கலை?"ன்னு கேட்டேன். "செங்கம் ரோட்ல 90-ல போனா வண்டி மிதக்குதுடா"ன்னான். பானெட் மூலையை அழுத்தி விட்டுப் பார்த்தோம், ஒரு தடவையில நிக்காம ரெண்டு மூணு ஆட்டம் போட்டது. மிதக்கிறது உயரத்தால இல்ல, ஷாக் செத்ததால. கம்பெனி ஸ்பிரிங்கை அப்படியே விட்டுட்டு, கம்பெனி உயரத்துக்கான கொஞ்சம் இறுக்கமான ஷாக் நாலு, புது மவுன்ட், புது பம்ப் ஸ்டாப், அலைன்மென்ட். ஸ்பிரிங்குக்கு வெச்சிருந்த காசோட இன்னும் ரெண்டு மாசச் சம்பளத்துலேர்ந்து கொஞ்சம் சேர்த்தான்.

அடுத்த தடவை புதுச்சேரி போய்ட்டு வர்றப்போ செஞ்சி தாண்டினதும் அப்பா, "இந்த ரோட்டைப் புதுசா போட்டுட்டானுங்களா?"ன்னு கேட்டார். ரோடு அதேதான்.

நாலு விரல் இடைவெளி இன்னும் இருக்கு. வண்டி பார்க்கக் கெத்தா இருக்கணும்னு நினைக்கிறது தப்பில்ல. தனியா ஓட்டுற வண்டி, நல்ல ரோடு, முழு ஜோடிக்கும் காசு இருந்தா தாராளமா யோசிங்க. ஆனா கேட்டலாக்கைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு டேப்பை எடுத்து, வண்டியில எப்பவும் வர்றவங்களை ஏத்தி உட்கார வெச்சு, அடிவயிற்றையும் உங்க தெரு மேட்டையும் அளந்துடுங்க. கணக்குப் போட ஆள் வேணும்னா மெக்கானிக்கல் மூணாம் வருஷத்துல கேளுங்க, டேப்போட வர்றேன்.