பவானி பிறக்கும் புல்வெளி

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. சென்னைக்கு ஓராண்டு முழுதும் கிடைப்பதில் பாதிக்கும் மேல். செய்தியில் அந்த எண்ணைப் பார்த்த நாளிலிருந்தே ஒரு கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு தண்ணீரையும் அந்த மலை என்ன செய்கிறது? மழை நின்ற பிறகும், மார்ச் மாதத்து வெயிலிலும், அங்கே பிறக்கும் பவானி ஆற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? அதைப் பார்க்கத்தான் ஒரு செப்டம்பரில் ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சிக்குப் போனேன்.

மேலே போக வனத்துறை வண்டி. ஓட்டுநர் பக்கத்து ஹட்டியை (படகர் ஊர்) சேர்ந்தவர். வழியெல்லாம் மரங்கள் நெருக்கியடித்து ஒரே உயரத்தில் நின்றன. அடியில் செடி கொடி அதிகமில்லை.

"காடுன்னு நினைச்சுக்காதீங்க சார். எல்லாம் சீகை. எங்க தாத்தா காலத்துல இங்கெல்லாம் புல்லுதான், எருமை மேயும்."

சீகை என்கிற வாட்டிலும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸும் ஆஸ்திரேலியாவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் வந்தவை. ஊட்டிக்கு விறகு வேண்டும் என்று தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடப் பட்டையும் ரேயானுக்குக் கூழ்மரமும் வேண்டும் என்று பல்லாயிரம் ஹெக்டேருக்குப் பரவியது. மரமில்லாத மேடு என்றால் தரிசு என்று அன்றைக்கு இருந்தவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு இந்த மலை கொடுத்த விலை பெரிது.

ஒரு திருப்பத்தில் சீகை முடிந்தது. பார்வை போகும் தூரமெல்லாம் புல் மூடிய குன்றுகள். இரண்டு குன்றுகள் சேரும் மடிப்பில் மட்டும் கரும்பச்சையாகச் சோலை. அதன் விளிம்பைக் கோடு கிழித்து நிறுத்தியதுபோல் இருந்தது. நிறுத்தியது பெரும்பாலும் உறைபனிதான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் திறந்த வெளியில் விழும் பனியில் சோலை மரங்களின் கன்றுகள் கருகிவிடும். காற்று மறைவும் ஈரமும் உள்ள மடிப்பில்தான் அவை பிழைக்கும். புல்லுக்கு நடுவே துணிந்து நிற்கும் மரம் பெரும்பாலும் ரோடோடென்ட்ரான்தான். அதன் தடித்த, வெடிப்பு விழுந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தேன். தென்னகத்தின் உயர்ந்த மலைகளை விட்டு வடக்கே போனால், இதே இனத்து மரத்தை இனி இமயமலைப் பக்கம்தான் காணலாம். இடையில் உள்ள சமவெளியில் ஒன்றுகூடக் கிடையாது.

இறங்க அனுமதி உள்ள ஓரிடத்தில் சரிவிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. ஓடை என்று சொல்ல முடியாது. புல்லின் வேர்களுக்கிடையே ஒரு மினுமினுப்பு, அவ்வளவுதான். பக்கத்தில் குந்தினேன். விரலளவு உயரத்தில் அழுகண்ணிச் செடிகள். பிறை வடிவ இலை, அதன் மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் பிசின் துளி. ஓர் இலையில் கொசுவைவிடச் சிறிய பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிய மயிர்கள் உள்நோக்கி வளைந்திருந்தன. ஓயாத மழை இந்த மண்ணின் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடுவதால், தழைச்சத்தைப் பூச்சியிடமிருந்து எடுக்கிறது இந்தச் செடி. கீழே மண் கறுப்பு. விரலால் அழுத்தினால் நீர் ஊறி மேலே வந்தது.

நீலகிரியின் பள்ளச் சதுப்புகளில் இப்படிப்பட்ட கறுப்பு மண், முழுதும் மக்காத இலைதழைகளாக, அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. யானை ஆய்வுகளுக்காகப் பலரும் அறிந்த ஆர். சுகுமாரும் அவருடைய சக விஞ்ஞானிகளும் அதைத் தோண்டி, அடுக்குகளில் உள்ள கார்பனைச் சோதித்து, 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வெப்பமண்டலப் புல்லும் மரமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு; அந்த வேறுபாடு மக்கிய பிறகும் மண்ணில் தங்கிவிடும். அதன்படி, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், வடதுருவப் பக்கம் பனிப்பாளங்கள் விரிந்து இங்கே பருவமழை மெலிந்திருந்த காலத்தில், இந்த மேடுகளில் புல்லே மேலோங்கியிருந்தது. பிறகு பருவமழை வலுத்தபோது மரங்கள் பெருகின. ஆக, காட்டை அழித்ததால் வந்த வெற்றிடம் அல்ல இந்தப் புல்வெளி. மனிதர் இங்கே கோடரி தூக்குவதற்கு வெகு காலம் முன்பே இருந்தது.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. உதகையில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தார் கிளென்மார்கனில் அருகருகே உள்ள இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். மற்றொன்றின் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். மரம் நட்டதில் முதல் சுற்றிலேயே நீர்வரத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடியிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் இழப்பு இன்னும் கூடியது. என்னைப் பொறுத்தவரை இந்தப் பயணத்தின் பதில் இதுதான். வேகமாக வளரும் மரம் ஆழத்து நீரை உறிஞ்சி ஆவியாக விடுகிறது. புல்லும் சதுப்பும் மழையை வாங்கி வைத்துக்கொண்டு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. மரம் நடுவது எங்கும் நன்மை என்று பள்ளியிலிருந்தே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். நீலகிரியின் புல்வெளியில் அது பொய்த்துப்போயிற்று.

இங்கே பெய்யும் மழை பூமத்திய ரேகைக்குத் தெற்கிலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்கக் கரையோரம் திரும்பி, அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று தருவது. இந்த மலையில் பிறக்கும் பவானி மேற்கே இறங்கிக் கேரளத்தின் அட்டப்பாடியைத் தொட்டு, மறுபடி கிழக்கே திரும்பித் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. பில்லூரில் கோவைக்குக் குடிநீர். பவானிசாகரில் மாயாற்றோடு சேர்ந்து கீழ்பவானி வாய்க்கால் வழியாக ஈரோட்டு மஞ்சளுக்கும் நெல்லுக்கும் பாசனம்.

திரும்பும்போது ஓட்டுநர் ஒரு சரிவைக் காட்டினார். சீகையை வெட்டியெடுத்துவிட்டுப் புல் நட்டிருந்தார்கள். தூர் தூராக, நாற்று நட்டதுபோல் இடைவெளிவிட்டு. இடையிடையே மெல்லிய சீகைக் கன்றுகள் தலைகாட்டின.

"விதை மண்ணுல எத்தனையோ வருஷம் கிடக்கும் சார். வெயில் பட்டா போதும், முளைச்சுடும். பிடுங்கிக்கிட்டே இருக்கணும்."

அடுத்த முறை பிடுங்க ஆள் வருவது ஜனவரியில் என்றார்.